கிதார் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொருவனைக் கண்டு, தான் சென்று வந்த வழியையும் தான் கண்ட வள்ளலின் இயல்பையும் எடுத்துரைத்து அவனை அவ்வழியிற் செலுத்துதலை ஆற்றுப்படை என்பர் நம் இலக்கண நூலார். பத்துப்பாட்டுள் அத்தகைய பாட்டுக்கள் பல உள. அவற்றுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை, யாழின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக விளக்கிய பின்னரே கரிகாலனிடம் செல்லும் வழியைக் கூறுகின்றது. இசைக்கருவியின் உறுப்புக்களை முதலில் உணர்ந்து, பின்னர் அதனோடு வழிச்செல்லுதல் நம் பழைய நெறியேயாகும். யாமும் அந்நெறி பற்றி, வெளிநாடு செல்லும் நம்மவர் ஒருவர் ஆங்குக் கையாற் செய்த கிதார் ஒன்றைத் தம் பொருள்நிலைக்கு ஏற்ற விலையில் வாங்குமாறு எங்ஙனம் என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆற்றுப்படுத்துவோன் பரிசில் பெற்றவனாக இருத்தல் மரபு. யாமோ இழந்து கற்றவர்கள். எம் தமையனார் சரக்குக் கப்பல் ஒன்றில் இயந்திரப் பகுதியிற் பணிபுரிபவர். அவர் தம் முதற் பயணத்தின்போது, மெக்ஸிக்கோ நாட்டுத் துறைமுக நகர் ஒன்றிலே, பயணிகள் கூடும் தெருவில் உள்ள கடையில், தம் முதற் சம்பளத்தின் பெரும் பகுதியைக் கொடுத்து, எமக்கென ஒரு கிதார் வாங்கி வந்தார். சிப்பி பதித்த அழகிய கருவி அது. 'கையாற் செய்தது' என்று உள்ளே சீட்டும் ஒட்டப்பட்டிருந்தது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் பாட்டுக்கள் அனைத்தும் எம் வீட்டில் அதனோடு பாடப்பெற்றன. அடுத்த மழைக்காலம் கழிவதற்குள் அதன் கழுத்து வளைந்தது; தந்திகளைத் தாங்கும் குதிரை பெயர்ந்து எழுந்தது. எம்மூர் முதிய தச்சரிடம் எடுத்துச் சென்றோம். அவர் அதன் துளையின் விளிம்பை விரலாற் தடவிப் பார்த்து, "தம்பி, இது ஒட்டுப்பலகை, மேலே மரத்தின் படம் ஒட்டியிருக்கிறது" என்றார். அச்செய்தியைத் தமையனார்க்குத் தெரிவித்தபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அடுத்த முறை எதைப் பார்க்க வேண்டும் என்று நீ படித்து எழுதி வை" என்றார். வரும் ஆகஸ்டு மாதத்தில் அவர் மீண்டும் அந்நாட்டிற்குச் செல்கின்றார். சில நாள் விடுமுறையும் அவர்க்கு உண்டு. ஆதலின் இக்கட்டுரை முதற்கண் அவர் பொருட்டு எழுந்தது. அவரைப் போன்று கடல் கடந்து செல்லும் நம் கல்லூரிப் பழைய மாணவர் பிறர்க்கும் பயன்படுமென நம்புகின்றோம்.

கருவியின் உறுப்புக்கள்

வீணைக்கும் கிதாருக்கும் உறுப்புக்களில் ஒற்றுமை மிகுதி ஆதலின், வீணைக்கு வழங்கும் சொற்களையே இதற்கும் கைக்கொள்வாம். இடக்கை பற்றும் நீண்ட கழுத்து தண்டி எனப்படும். அதன்மேற் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் மெட்டுக்கள். தண்டியின் தலைப்பிலே தந்திகள் தங்கும் இடம் மேரு. உடலின்மேல் தந்திகளைத் தாங்குவது குதிரை. தந்திகளை முறுக்குவன பிருடைகள். உடலாகிய பெட்டிக்கு முகப்பலகை, முதுகுப்பலகை, விலாப்பலகைகள் என மூன்று பகுதிகள் உள. முகப்பலகையின் நடுவே ஒலித்துளை உளது. முகப்பலகையின் உட்புறத்தே மெல்லிய மரப்பட்டைகள் விசிறியின் காம்புகள் போல விரிந்து ஒட்டப்பட்டிருக்கும்.

இவற்றுள் ஒலிக்கு உயிராவது எது? இவ்வினாவிற்கு விடை கண்டவர் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரெஸ் என்பவர். அல்மெரியாவை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1817-இற் பிறந்து, தச்சுத்தொழில் பயின்று, 1892-இல் மறைந்தவர் அவர். இன்று உலகெங்கும் வழங்கும் நைலான் தந்திக் கிதாரின் உருவும் அளவும் பெரும்பாலும் அவர் நிலைநாட்டியனவே. 1862-இல் அவர் ஒரு விந்தையான கிதாரைச் செய்தார். முகப்பலகையை மட்டும் நல்ல மரத்தாற் செய்து, முதுகையும் விலாவையும் காகித அட்டையால் அமைத்தார். கருவியின் குரல் பெரிதும் முகப்பலகையையும் அதன் உள்ளமைப்பையும் பொறுத்தது என்பதனைக் காட்டுதலே அவர் கருத்து. அக்கருவி பார்சிலோனா நகர இசைக் காட்சிச்சாலையில் உளது.

வறிய மாணவனுக்கு இதனினும் இனிய செய்தி வேறில்லை. சிப்பியும் தந்தமும் அரிய கருமரமும் விலையை ஏற்றுவனவேயன்றிக் குரலைத் தருவன அல்ல. எம் தமையனார் தம் பொருளைச் சிப்பிக்குக் கொடுத்தார். முகப்பலகையைப் பாராது விட்டார். எம் இழப்பின் காரணம் இஃதே.

எங்குச் செல்வது?

கைவினைக் கிதார்க்குப் பெயர் பெற்ற இடங்கள் சில உள. ஸ்பெயினில் கிரானடா நகரத்தே, அல்ஹம்பிரா அரண்மனைக்கு ஏறிச்செல்லும் கொமேரெஸ் சரிவுத் தெரு, தலைமுறை தலைமுறையாகக் கிதார்த் தொழிலாளர் வாழ்ந்த தெரு. ஆயினும் ஆங்குப் புகழ் பெற்றோர் செய்யும் கருவிகள் பல ஆயிரம் யூரோ விலையுடையன. குறைந்த பொருளுடையார் நாடத்தக்க ஊர் மெக்ஸிக்கோவின் மிச்சோகான் மாநிலத்திலுள்ள பராச்சோ.

பராச்சோ, கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், பைன் மரக்காடுகள் சூழ்ந்த மேட்டுநிலத்தில் உள்ள சிற்றூர். புரேபெச்சா என்னும் பழங்குடி மக்களின் நாடு அது. அவ்வூரிற் பெருந்தொகையான குடும்பங்கள் கிதார் செய்தே வாழ்கின்றன. உருவாப்பன் நகரத்திலிருந்து பேருந்திற் சென்றால் ஒரு மணி நேர அளவில் அதனை அடையலாம். ஆகஸ்டு மாதத்தில் ஆண்டுதோறும் அங்குக் கிதார்த் திருவிழா நடைபெறும். அப்போது தொழிலாளர் போட்டிகளும் இசையரங்குகளும் உண்டு. அம்மாநிலத்தின் சில பகுதிகளிற் குற்றக் கும்பல்களின் தொல்லை இருத்தலின், புறப்படுமுன் உள்ளூராரிடம் வழியின் நிலையைக் கேட்டறிந்து, பகலிலேயே சென்று மீளுதல் அறிவுடைமை.

இவ்வூர்த் தொழிலின் தோற்றம் பற்றி ஒரு வழக்கு உண்டு. ஸ்பானியர் அந்நாட்டை வென்ற பின்னர், 1531-இல் நீதிபதியாக வந்தவர் வாஸ்கோ தெ கிரோகா. பின்னர் அவர் மிச்சோகானின் முதல் ஆயராகி, 1565-இல் மறையும்வரை அம்மக்களிடையே உழைத்தார். தாமஸ் மோர் 1516-இல் வெளியிட்ட 'உட்டோப்பியா' என்னும் நூலைக் கற்று, அதன்வழி ஊர்கள் அமைக்க முயன்றவர் அவர். ஓரூர்க்குச் செம்பு வேலை, ஓரூர்க்கு மரவேலை என ஒவ்வோர் ஊர்க்கும் ஒரு தொழிலை அவர் வகுத்தளித்தார் என்றும், அவ்வாறே நரம்புக்கருவி செய்தல் பராச்சோவிற்கு வாய்த்தது என்றும் அம்மக்கள் கூறுவர். இன்றும் அவரைத் 'தாத்தா வாஸ்கோ' என அழைப்பர்; அவர் மொழியில் 'தாத்தா' என்பது தந்தையைக் குறிக்கும் அன்புப்பெயர். ஆறு தந்திக் கிதார் அவர் காலத்தில் இல்லை. அது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தோன்றியது. ஆயினும், தொழில் ஒன்று கைவரப்பெற்ற ஊர் பசியினின்றும் காக்கப்படும் என்னும் எண்ணம், நம் நாட்டில் தொழிற்பள்ளிகள் நிறுவிய மிஷனரிமாரை நினைப்பூட்டுகின்றது.

பராச்சோ என்ற பெயரைக் கேட்ட அளவில் மயங்கிவிடுதலும் ஆகாது. அங்கும் சுற்றுலாப் பயணிகட்கென விரைந்து செய்த அலங்காரக் கருவிகள் கடைமுகப்பில் தொங்கும். 2017-இல் 'கோக்கோ' என்னும் திரைப்படம் வெளிவந்தபின், அதில் வரும் வெண்ணிறக் கிதாரைப் போன்றவற்றை விரும்பி வாங்குவோர் பலராயினர். அவை சிறுவர்க்கும் சுவர்க்கும் அழகு தரும். இசை பயில்வார் அவற்றை நாடவேண்டா. கடைத்தெருவைக் கடந்து, செய்பவரின் பட்டறைக்கே செல்லவேண்டும். பட்டறையை அந்நாட்டார் 'தாயேர்' என்பர். செய்பவரை 'லௌதேரோ' என்பர். "கியேன் லா இசோ?" என்று கேட்டால் 'இதனைச் செய்தவர் யார்?' என்பது பொருள். கருவியைக் காட்டுபவர் தம் மார்பையேனும், அடுத்திருக்கும் தந்தையையேனும் சுட்டுவாராயின் நாம் வந்த இடம் சரியான இடம். "திரிப்ளாய்?" என்று கேட்டால் 'ஒட்டுப்பலகையோ?' என்பது பொருள். நேர்மையான தொழிலாளர் இவ்வினாவிற்குச் சினவார். இன்ன கருவியில் முதுகும் விலாவும் ஒட்டுப்பலகை, முகம் முழுமரம் என விளங்கக் கூறுவர். அத்தகைய கருவியை விலை கருதி வாங்குதலில் இழுக்கில்லை என்பது தோரெஸின் அட்டைக் கிதாரால் தெளிவாம்.

தேர்ந்து கொள்ளும் முறை

கருவியைக் கையில் வாங்கியதும் செய்யத்தக்க ஆய்வுகள் ஏழு. கால்மணி நேரம் போதும்.

முதலாவது, ஒலித்துளையின் விளிம்பைப் பார்க்க. முகப்பலகையின்மேற் காணும் மரவரிகள் விளிம்பிலும் தொடர்ந்து இறங்குமாயின் அது முழுமரம். விளிம்பில் அடுக்கடுக்கான கோடுகள் தோன்றின் ஒட்டுப்பலகை. முகத்திற்கு ஸ்புரூஸ், சீடர் என்னும் ஊசியிலை மரங்கள் ஏற்றன. வரிகள் நெருக்கமாகவும் நேராகவும் ஓடுதல் நன்று.

இரண்டாவது, தண்டியின் நேர்மை. கருவியின் தலையைக் கண்ணருகே பிடித்து, குதிரையை நோக்கி, அம்பெய்பவன் அம்பின் நேர்மையைப் பார்ப்பதுபோலப் பார்க்க. முறுக்கு இருத்தல் ஆகாது. தந்தியின் இழுப்பால் உண்டாகும் மிகச் சிறு குழிவு குற்றமன்று.

மூன்றாவது, சுருதி. மெட்டுக்களின் இடம் கணக்கால் அமைவது. மேருவிற்கும் குதிரைக்கும் இடையேயுள்ள தந்தியின் நீளத்தை 17.817 ஆல் வகுக்க வருவது முதல் மெட்டின் தூரம். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுக்க வருவது முதல் மெட்டிலிருந்து இரண்டாவதன் தூரம். தந்தி 650 மில்லிமீட்டர் ஆயின் முதல் மெட்டு ஏறத்தாழ 36.5 மில்லிமீட்டரில் அமையும். பன்னிரண்டாவது மெட்டு நேர்பாதியாகிய 325-இல் அமையும். அளவுகோல் இன்றியும் இதனைச் செவியாற் சோதிக்கலாம். பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டினால் மணிபோன்ற ஒலி எழும். பின்னர் அதே மெட்டில் அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். ஆறு தந்திகளிலும் இதனைச் செய்து பார்க்க. மெட்டுக்களின் இடம் பிழைத்த கிதாரை எத்துணைச் சிறந்த பாடகனும் திருத்த இயலாது.

நான்காவது, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுக. எங்கேனும் அதிர்ந்து கரகரத்தால், மெட்டு உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கின்றது என்க.

ஐந்தாவது, தந்தியின் உயரம். பன்னிரண்டாம் மெட்டின்மேல் மெல்லிய தந்தி 3 மில்லிமீட்டரும் பருத்த தந்தி 4 மில்லிமீட்டரும் உயர்ந்திருத்தல் பெரும்பாலார்க்கு ஏற்ற அளவு. மிக உயர்ந்திருப்பின் விரல் நோகும்.

ஆறாவது, ஒட்டு. மெல்லிய தாள் ஒன்றைக் குதிரையின் அடியிற் செருக முயல்க; நுழையுமாயின் குதிரை பெயரத் தொடங்கிற்று. சிறு கண்ணாடியும் விளக்கும் கொண்டு துளையின் உள்ளே நோக்குக. விசிறிப் பட்டைகள் ஒழுங்காக ஒட்டப்பட்டு, பசை வழியாது தூய்மையாக இருத்தல் செய்தவனின் மனத்தைக் காட்டும். பிறர் காணாத இடத்தும் செம்மையாகச் செய்தவனே நம்பத்தக்க தொழிலாளன்.

ஏழாவது, கையாலும் செவியாலும் தேர்தல். தண்டியின் ஓரமாக உள்ளங்கையை ஓட்டுக. மெட்டு முனைகள் கீறுதல் ஆகாது. பின்னர் உடன்வந்தார் ஒருவரை மீட்டச் செய்து, பத்தடி தள்ளி நின்று கேட்க. ஒரே விலையுள்ள மூன்று கருவிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத் தேர்வது இன்னும் நன்று. சிப்பியின் பளபளப்பு அப்போது நம்மை மயக்காது.

மரமும் சட்டமும் காலநிலையும்

முதுகிற்கும் விலாவிற்கும் புகழ்பெற்ற மரம் ஈட்டி. நம் மேற்கு மலைத்தொடரில் வளரும் அம்மரம் ஸ்பெயின் முதலிய நாடுகளுக்குச் சென்று கிதாராகின்றது என்பதை நம்மவர் பலர் அறியார். வெளிநாட்டுக் கடையில் 'இந்திய ரோஸ்வுட்' என்று உயர்வாகக் காட்டப்பெறுவது நம் தோதகத்தியே. அதன் இனத்து மரங்கள் அனைத்தும் 2017 தொடங்கிப் பன்னாட்டு உடன்படிக்கையாகிய சைட்டீஸின் இரண்டாம் பட்டியலிற் கட்டுப்படுத்தப்பட்டன. 2019 நவம்பர் முதல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அப்பட்டியலின் கட்டுப்பாட்டினின்றும் விலக்கு உண்டு. ஆயின் பிரேசில் நாட்டு ஈட்டி 1992 முதல் முதற் பட்டியலில் உளது. அதற்கு அவ்விலக்கு இல்லை. ஆமையோடும் தந்தமும் பதித்த பழைய கருவிகளும் அத்தகையனவே. ஆதலின் மரத்தின் பெயரை எழுதிய விலைச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துக. சீடர், பைன், உள்ளூர் மரங்கள் ஆகியவற்றாற் செய்ததை வாங்கின் விலையும் குறையும், கவலையும் குறையும்.

மேட்டுநிலத்திற் செய்த கருவி நம் கடற்கரைக்கு வரும்போது காற்றின் ஈரத்தை உறிஞ்சி முகப்பலகை உப்பும், தந்தி உயரும். ஈரநிலத்திற் செய்தது வறண்ட இடத்திற்குச் செல்லின் மரம் சுருங்கி வெடிக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருத்தல் கிதார்க்கு ஏற்றது. ஆதலின் ஈரமுறிஞ்சும் பொட்டலங்களோடு பெட்டியினுள் மூடி வைத்தல் வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் ஒரு நாழிகையும் விடலாகாது. விமானத்திற் கொண்டுவரும்போது தந்திகளைச் சிறிது தளர்த்தி, வன்மையான பெட்டியில் அசையாவண்ணம் பொதிந்து, கூடுமாயின் உடன்கொண்டு ஏற முன்னரே இசைவு பெறுதல் நன்று. மற்றொன்று: நைலான் தந்திக்கெனச் செய்த கருவியில் எஃகுத் தந்தி பூட்டற்க. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் வலிமை ஏறத்தாழ 40 கிலோகிராம், எஃகுத் தந்திகளோ அதனினும் மிகுதியாக இழுக்கும், குதிரை பெயர்ந்துவிடும்.

விலையும் நீதியும்

இனி இறுதியாக, எம் தமையனார் எம்மைக் கேட்ட வினாவிற்கு வருவாம். "சொன்ன விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?" என்றார் அவர். முன்னர் ஏமாந்தமையால் எழுந்த வினா அது. இவ்வினா எம்மைப் பல நாள் வருத்தியது.

பராச்சோவிற் பயில்வார்க்குரிய கிதார்கள் சில ஆயிரம் பெசோ விலையிற் கிடைக்கும். அரங்கிற்குரியன பல பதினாயிரம் பெசோ ஆகும். இயந்திரச்சாலைகளினின்றும் குறைந்த விலைக்கு வரும் கருவிகளோடு அத்தொழிலாளர் போட்டியிட வேண்டியுளது. கையால் இழைத்து, வளைத்து, ஒட்டி, மெருகிட்டு ஒரு நல்ல கிதாரை முடிக்க ஒருவனுக்குப் பல நாள் செல்லும். அந்நாட்களுக்கெல்லாம் அவன் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். நாம் விலையைப் பாதியாகக் குறைத்துப் பெறுவோமாயின், மரத்தின் விலையை வணிகன் குறையான். தந்தியின் விலையும் குறையாது. குறைவது அவன் கூலி ஒன்றே. அடுத்த கருவியில் அவன் விரைவான். விரைந்த கை விசிறிப் பட்டையைச் செம்மையாக ஒட்டாது. எம் வீட்டிற் கழுத்து வளைந்து கிடக்கும் கிதார், பேரம் பேசுவார்க்கென்றே செய்யப்பட்டதுபோலும் என இப்போது எண்ணுகின்றோம்.

ஆதலின், பொருள் குறைந்தவன் சிக்கனம் செய்யவேண்டிய இடம் வேறு. சிப்பியை விடுக, அரிய மரத்தை விடுக, வண்ணப் பூச்சை விடுக, புகழ்பெற்ற பெயரை விடுக. முகப்பலகைக்கும், தண்டிக்கும், மெட்டின் கணக்கிற்கும், செய்தவன் செலவிட்ட நாட்களுக்கும் கொடுக்கவேண்டியதைக் கொடுக்க. இரண்டு கருவிகளின் வேறுபாடு என்ன, விலை ஏன் மாறுகின்றது என்று செய்தவனையே பணிவுடன் கேட்டால் அவன் விளக்குவான். அவ்விளக்கம் பேரத்தினும் பயனுடையது. தன் கையிலுள்ள பொருளை மறையாது கூறி, "இதற்குள் அலங்காரம் இன்றி ஒன்று உண்டோ?" எனக் கேட்பதில் நாணம் இல்லை, செய்தவனுக்கு இழப்பும் இல்லை. இங்ஙனம் வாங்கியதே இரு திறத்தார்க்கும் ஏற்ற விலையுடைய கருவியாகும்.

இக்கட்டுரையை எம் தமையனார்க்கு அனுப்பினோம். ஏழு ஆய்வுகளையும் ஒரு சிறு தாளில் எழுதித் தம் கடவுச்சீட்டினுள் வைத்துக்கொண்டதாகவும், தச்சர் செய்ததுபோலத் துளையின் விளிம்பை விரலாற் தடவிப் பார்க்க மறவேன் என்றும் அவர் விடை எழுதியுள்ளார். பழைய கிதாரை என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறார். அதனை யாம் எறியவில்லை. முதற் சம்பளத்தில் வாங்கி வந்த அன்பு அதனுள் உளது. கற்ற பாடமும் உளது. புதியது வந்த பின்னரும் இரண்டும் எம் வீட்டில் அடுத்தடுத்துத் தொங்கும்.